உங்கள் உயிலில் ஒரு பத்தி வேண்டும்: ஓவியச் சேகரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சேகரிப்பாளர்களுக்கும் அவர்களுடைய வாரிசுகளுக்கும்,

வணக்கம்.

சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும், கடல் கடந்து சிங்கப்பூரிலும் நியூஜெர்சியிலும் கூட, உங்கள் வீட்டுச் சுவர்களில் மதராஸ் கலை இயக்கத்து ஓவியர்களான பணிக்கரும் தனபாலும் சந்தானராஜும் ஆதிமூலமும் இருக்கிறார்கள். சிலர் ஓவியரிடமே நேரில் போய் வாங்கினீர்கள். சிலர் நட்புக்காக வாங்கினீர்கள். விலை ஏறும் என்று யாரோ சொன்னதை நம்பி வாங்கியவர்களும் உண்டு; அவர்கள் மேலும் எனக்குப் புகார் இல்லை. எந்த எண்ணத்தோடு வாங்கியிருந்தாலும் படம் பிழைத்தது. ஆனால் "உங்கள் காலத்துக்குப் பிறகு இவை என்ன ஆகும்?" என்று கேட்டால் பெரும்பாலோர் காபி சாப்பிடுகிறீர்களா என்று பேச்சை மாற்றிவிடுகிறீர்கள். வீடு மூத்தவனுக்கு, நிலம் இளையவனுக்கு, நகை மகளுக்கு என்று கிராம் கணக்கில் எழுதிவைக்கிற நாம், சுவரில் தொங்குவதை மட்டும் "ஏனைய அசையும் பொருட்கள்" என்ற ஒரே வரியில் சோபாவோடும் ஃப்ரிட்ஜோடும் சேர்த்து முடித்துவிடுகிறோம்.

அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு ஒரு பத்தி எழுதுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். எப்படி எழுதுவது என்பதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த முன்மாதிரி 1931இல் நியூயார்க்கில் காலமான ஒரு பெண்மணியின் உயில். அவர் பெயர் லில்லி பிளிஸ். உலகத்தின் பல நகரங்களில் இன்று "நவீனக் கலை அருங்காட்சியகம்" என்று ஒன்று இருக்கிறதென்றால், அதற்கு அச்சாக அமைந்தது நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம். அதை நினைத்து, கூட்டிச் சேர்த்து, தொடங்கியவர்கள் மூன்று பெண்கள். அந்த மூவரில் அதிகம் பேசப்படாதவர் பிளிஸ். என் கணக்கில், அந்த அருங்காட்சியகம் இன்று இருக்கும் நிலைக்கு வந்ததில் பெரும்பங்கு அவருடையது.

அவர் ஆளைப் பற்றி முதலில். 1864இல் பாஸ்டனில் பிறந்தவர். குடும்பம் நியூயார்க்கில் குடியேறியது. தந்தை கார்னீலியஸ் பிளிஸ் ஜவுளி வணிகத்தில் பெரும் பணம் சேர்த்தவர் (கோவை நண்பர்கள் கவனிக்கவும்); அதிபர் மெக்கின்லியின் அமைச்சரவையில் உள்துறைச் செயலராக இருந்தவர். மகள் திருமணம் செய்துகொள்ளவில்லை. பியானோ நன்றாக வாசிப்பார், இசைக்குழுக்களுக்குக் கொடை கொடுப்பார். 1923இல் தாய் இறக்கும்வரை அவரைக் கவனித்துக்கொண்டு அதே வீட்டில் இருந்தார். மகள் வாங்கிவந்த புதுமாதிரிப் படங்கள் தாய்க்குப் பிடிக்கவில்லை என்றும், பலவற்றை அவர் கண்ணில் படாமல் வைக்க வேண்டியிருந்தது என்றும் சொல்வார்கள். அப்போது மகளுக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. செசான் ஓவியத்தை வாங்கும் வசதி இருந்தது. மாட்டிவைக்கச் சுவர் இருந்ததா என்பது வேறு விஷயம். தாய் போன பிறகுதான் பார்க் அவென்யூவில் புது வீட்டுக்குப் போய், படங்களை விருப்பப்படி தொங்கவிட்டார்.

ஓவியர் ஆர்தர் டேவிஸ் அவருக்கு நண்பரும் வழிகாட்டியும். 1913 பிப்ரவரியில் நியூயார்க்கின் லெக்ஸிங்டன் அவென்யூவில் இருந்த படைக்கலக் கூடத்தில் சுமார் 1,300 படைப்புகளோடு ஒரு கண்காட்சி திறந்தது. "ஆர்மரி ஷோ" என்று கலை வரலாற்றில் பெயர் பெற்றது. அதை முன்னின்று நடத்தியவர் டேவிஸ். தூஷானின் "படிக்கட்டில் இறங்கும் நிர்வாணம்" படத்தைப் பத்திரிகைகள் கேலிச் சித்திரமாக வரைந்து தள்ளியது அந்தக் கண்காட்சியின்போதுதான். ஊர் சிரித்துக்கொண்டிருக்க பிளிஸ் அங்கே வாங்கினார்: டெகா, ரெனுவார், ரெடோன். கண்காட்சிக்குப் பணமும் கொடுத்தார், தன் படங்களையும் கடனாக அனுப்பினார்.

எட்டு ஆண்டு கழித்து, 1921இல், பிளிஸும் வேறு சில சேகரிப்பாளர்களும் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தை வற்புறுத்தி இம்பிரஷனிஸ்ட், பின்-இம்பிரஷனிஸ்ட் ஓவியங்களின் கண்காட்சி ஒன்றை நடத்தவைத்தார்கள். பிளிஸ் தன் படங்களைப் பெயர் வெளியிடாமல் கொடுத்தார். பெயர் போடாதது நல்லதாயிற்று. இந்தப் படங்கள் சீரழிந்த மனங்களின் வெளிப்பாடு என்று திட்டித் தீர்த்து ஒரு மொட்டைத் துண்டறிக்கை நகரமெங்கும் சுற்றியது. மெட்ரோபாலிட்டன் நிர்வாகம் அதன்பிறகு இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கத் தயங்கியதில் வியப்பில்லை.

இங்கே நீங்கள் கூர்ந்து கவனிக்க வேண்டிய ஒருவர் வருகிறார். ஜான் குயின். வழக்கறிஞர், பிளிஸின் வட்டத்தைச் சேர்ந்தவர், அன்றைய அமெரிக்காவில் நவீனக் கலையை அவரளவு வாங்கிக் குவித்தவர் வேறொருவர் இல்லை. புதுக் கலைப் படைப்புகளுக்கு இறக்குமதி வரி விதிக்கக் கூடாது என்று அமெரிக்க நாடாளுமன்றம் வரை போய் வாதாடி, 1913இல் அந்த வரியை ஒழித்தவர் அவர். பிக்காசோ, மத்தீஸ், பிரான்குசி, ரூசோ என்று சுமார் 2,500 படைப்புகள் அவரிடம் இருந்தன. 1924இல் புற்றுநோயில் இறந்தார். உயிலில் சூராவின் "சர்க்கஸ்" ஓவியத்தைப் பாரிஸின் லூவ்ருக்கு எழுதிவைத்திருந்தார். மற்றவற்றை விற்றுப் பணமாக்க வேண்டியதாயிற்று. 1926இல் பாரிஸில் ஒரு ஏலம், 1927இல் நியூயார்க்கில் ஒரு ஏலம், இடையே தனி விற்பனைகள். இருபதாண்டு உழைப்பு, சில மாதங்களில் திசைக்கொன்றாகப் போனது. ரூசோவின் "உறங்கும் ஜிப்சி" பாரிஸ் ஏலத்தில் கைமாறி, பல கைகள் சுற்றி, 1939இல்தான் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. அதையும் இன்னொருவர் பணம் கொடுத்து வாங்கித் தர வேண்டியிருந்தது.

பிளிஸ் இதையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தார். 1928இல் டேவிஸும் இறந்தார். மறு ஆண்டு அவருடைய சேகரிப்பும் ஏலத்துக்கு வந்தது. நண்பர்கள் இருவர், சேகரிப்புகள் இரண்டு, முடிவு ஒன்றே. அடுத்து தன்னுடையது என்ற எண்ணம் அவருக்கு வராமல் இருந்திருக்காது. அப்போது அவருக்கு அறுபத்து நான்கு வயது.

அந்தக் குளிர்காலத்தில் எகிப்துக்குப் பயணம் போன இடத்தில் அபி ராக்ஃபெல்லரைத் தற்செயலாகச் சந்தித்தார். அபி ஊர் திரும்பிய கப்பலில் மேரி குயின் சல்லிவனும் இருந்தார். (இவருக்கும் மேலே சொன்ன குயினுக்கும் உறவில்லை.) பேச்சு முழுக்க ஒன்றைப் பற்றித்தான்: நியூயார்க்கில் நவீனக் கலைக்கென்று ஓர் இடம் இல்லை. அபியின் கணவர், எண்ணெய்ச் சக்கரவர்த்தியின் மகன், சீனப் பீங்கானுக்கும் இடைக்காலத் திரைச்சீலைகளுக்கும் பணத்தைக் கொட்டுவார். நவீன ஓவியம் என்றால் முகம் சுளிப்பார். அதனால் அபி தன் படங்களை 54ஆம் தெருவில் இருந்த ஒன்பது மாடி வீட்டின் மேல்தளத்தில் தனி அறை கட்டி மாட்டிவைத்திருந்தார். மேரி ஓவிய ஆசிரியையாக இருந்தவர், மூவரில் வசதி குறைந்தவர். ஒருத்தி தாய்க்குத் தெரியாமல், ஒருத்தி கணவரின் முகச்சுளிப்புக்கு ஒதுங்கி. நவீனக் கலைக்கான பொது இடத்தை முதலில் தேடியவர்கள் பெண்களாக இருந்ததில் எனக்கு எந்த மர்மமும் தெரியவில்லை. பெரிய ஆண் சேகரிப்பாளர்களுக்கு மாளிகையும் இருந்தது, ரெம்பிராண்டும் இருந்தது.

1929 மே மாதம் மூவரும் கான்கர் குட்இயர் என்பவரை மதிய உணவுக்கு அழைத்துத் தலைவராக இருக்கச் சொன்னார்கள். தங்களில் ஒருவர் ஏன் தலைவராகவில்லை என்று கேட்கத் தோன்றும். 1929ஆம் ஆண்டு வங்கிகளும் அறங்காவலர்களும் யார் கையெழுத்தை மதிப்பார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் தேர்ந்தெடுத்த ஆளைப் பாருங்கள். பஃபலோ நகரக் காட்சியகத்துக்குப் பிக்காசோ படம் ஒன்றை வாங்கிய குற்றத்துக்காக அங்கே நிர்வாகக் குழுவிலிருந்து வெளியேற்றப்பட்டவர் அவர்! இயக்குநராக வந்த ஆல்ஃபிரட் பாருக்கு வயது 27. பிளிஸ் துணைத்தலைவர்.

நவம்பர் 7ஆம் தேதி திறப்பு விழா. பங்குச் சந்தை சரிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. ஐந்தாம் அவென்யூவில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் பன்னிரண்டாம் மாடியில் வாடகை அறைகள். செசான், கோகன், சூரா, வான்கோ நால்வரின் படங்கள், அத்தனையும் இரவல். மக்கள் லிஃப்டில் அடைத்துக்கொண்டு வந்தார்கள்; ஒரு மாதத்தில் ஏறக்குறைய 47,000 பேர். அந்த ஆண்டு அருங்காட்சியகத்துக்கென்று சொந்தமாக வந்தவை எட்டு அச்சுப் படங்களும் ஒரு கோட்டோவியமும். சேகரிப்பு என்று சொல்லிக்கொள்ள அவ்வளவுதான் இருந்தது. இரவல் நகை போட்டுக்கொண்டு எத்தனை கல்யாணத்துக்குப் போவது?

1931 மார்ச் 12ஆம் தேதி பிளிஸ் காலமானார். உயில் திறக்கப்பட்டபோது, நூற்றுக்கும் மேற்பட்ட படைப்புகளை, செசான் மட்டுமே ஒரு வரிசை, இந்த இரண்டு வயதுகூட ஆகாத குழந்தை நிறுவனத்துக்கு எழுதிவைத்திருந்தது தெரிந்தது. கோகன், சூரா, டெகா, மோடிலியானி, பிக்காசோ, ரெடோன் எல்லாம் அதில் அடக்கம். இதோடு நிறுத்தியிருந்தால் அவர் ஒரு நல்ல கொடையாளி, அவ்வளவுதான். இரண்டு நிபந்தனைகள்தான் அவரை நிறுவனர் ஆக்குகின்றன. அவற்றை நிதானமாகப் பார்ப்போம். இந்த மடலின் நோக்கமே அவைதான்.

முதல் நிபந்தனை: படங்கள் சும்மா கிடைக்காது. மூன்று ஆண்டுகளுக்குள் அருங்காட்சியகம் உறுதியான நிதி அடித்தளத்தில் நிற்கிறது என்று உயிலை நிறைவேற்றுவோருக்கு மனநிறைவு தர வேண்டும். அவர்கள் முதலில் வைத்த கணக்கு பத்து லட்சம் டாலர் மூலநிதி. நாடே பொருளாதாரப் பெருமந்தத்தில் மூழ்கி, ரொட்டிக்கு வரிசையில் நின்ற நேரம். அறங்காவலர்கள் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். பிறகு பிளிஸின் சகோதரர் உள்ளிட்டோர் இறங்கிவந்து ஆறு லட்சத்துக்குச் சம்மதித்தார்கள். பணம் சேர்ந்தது, 1934இல் படங்கள் வந்தன. அந்த அருங்காட்சியகத்தில் ஒவ்வொரு படைப்புக்கும் ஒரு பதிவெண் உண்டு. வரிசை எண்ணும் ஆண்டும் சேர்ந்தது. இடுப்பில் கைவைத்துக் குனிந்து நடக்கும் இளைஞன், செசானின் "குளிப்பவன்", அதன் எண் 1.1934. ஆப்பிள்கள் வைத்த செசானின் அசைவிலாக் காட்சி 22.1934. கோகனின் "நிலவும் நிலமும்" 50.1934. கொடுத்தவர் 1931இல் இறந்தார், எண்ணில் இருப்பது 1934. இடையில் இருக்கும் அந்த மூன்று ஆண்டுகளில்தான் ஒரு வாடகைக் காட்சியறை நிறுவனமாக மாறியது.

நமக்கு இது புரியாத சூட்சுமம் அல்ல. சோழர் காலத்தில் கோயிலுக்கு நந்தாவிளக்கு வைத்தவர் விளக்கை மட்டும் கொடுத்துவிட்டுக் கும்பிட்டுப் போகவில்லை. 96 ஆடுகளை விட்டார்; அதை ஓர் இடையர் பொறுப்பில் ஒப்படைத்தார்; நாள்தோறும் உழக்கு நெய் வர வேண்டும், ஆட்டின் எண்ணிக்கை குறையவே கூடாது என்று கல்லில் வெட்டிவைத்தார். "சாவா மூவாப் பேராடு" என்று கல்வெட்டுகள் சொல்வது அதைத்தான். பிளிஸ் கேட்டது அந்த ஆடுகளை. நம் ஊரில் அருங்காட்சியகங்களுக்குப் படம் கொடுப்பவர்கள் விளக்கை மட்டும் கொடுத்துவிட்டு, பத்தாண்டு கழித்து எரியவில்லை என்று வருத்தப்படுகிறார்கள்.

இரண்டாவது நிபந்தனை இன்னும் அபூர்வம். அது நிபந்தனையே இல்லை, நிபந்தனை வைக்காமல் விட்டது. மிகச் சில படங்களைத் தவிர மற்றவற்றை அருங்காட்சியகம் விற்கலாம், மாற்றிக்கொள்ளலாம் என்று எழுதிவிட்டார். "என் படங்கள் எல்லாம் ஒன்றாக, என் பெயர் போட்ட அறையில், என்றென்றும்" என்று எழுதவில்லை. இதைப் படிக்கும் உங்களில் பலர் உயிலில் முதலில் எழுத நினைப்பது அந்த வரியைத்தான் என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் பொறுங்கள்.

நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் எப்போதும் கூட்டம் மொய்க்கும் ஓவியம் வான்கோவின் "விண்மீன் நிறைந்த இரவு". 1889 ஜூனில் சென்ரெமி மனநல விடுதியில் இருந்தபோது வரைந்தது. சுமார் 74 சென்டிமீட்டர் உயரம், 92 அகலம். எல்லோரும் கைபேசியைத் தூக்கிப் படம் எடுக்கிறார்கள். பக்கத்தில் சுவரில் ஒட்டியிருக்கும் சிறிய விவரச் சீட்டின் கடைசி வரியை எத்தனை பேர் படிக்கிறார்கள் தெரியவில்லை. "லில்லி பி. பிளிஸ் கொடை மூலம் (பரிமாற்றத்தில்) பெறப்பட்டது, 1941" என்று இருக்கும். பிளிஸ் அந்தப் படத்தை ஒருநாளும் வைத்திருக்கவில்லை. அவர் இறந்து பத்து ஆண்டு கழித்து, அவர் கொடுத்ததில் மூன்றை, செசான் இரண்டு, தூலூஸ்-லோத்ரெக் ஒன்று, பால் ரோசன்பெர்க் என்ற வணிகரிடம் கொடுத்துவிட்டு ஆல்ஃபிரட் பார் இதை வாங்கினார்.

பிக்காசோவின் "அவிஞ்ஞோன் பெண்கள்"? அதுவும் அப்படியே. பிளிஸ் கொடுத்த டெகா படம் ஒன்றை 18,000 டாலருக்கு விற்றுத்தான் அதற்கு வேண்டிய தொகையின் பெரும்பகுதி திரட்டப்பட்டது. இருபதாம் நூற்றாண்டு ஓவியத்தை மாற்றிப் போட்டது என்று எந்தப் பாடநூலும் முதலில் காட்டும் படம் அது. பிக்காசோவின் "மா ஜோலி", சகாலின் "பிறந்தநாள்", காற்றைக் கிழித்து நடக்கும் போச்சோனியின் வெண்கல உருவம், எல்லாவற்றின் சீட்டிலும் அதே பெயர். அவர் ரசனை செசானோடும் டெகாவோடும் ஏறக்குறைய நின்றுபோனது. உருவங்களைக் கோணத் துண்டுகளாக உடைத்துக் காட்டும் க்யூபிஸத்தில் கொஞ்சம்தான் கால் வைத்தார். ஆனால் தன் ரசனை நின்ற இடத்தில் அருங்காட்சியகம் நிற்க வேண்டியதில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தன்னைவிடத் தன் நிறுவனம் நன்றாகப் பார்க்கும் என்று ஒப்புக்கொள்ளும் சேகரிப்பாளர் எத்தனை பேர்?

இயக்குநர் ஆல்ஃபிரட் பாரின் எண்ணமும் இதற்கு ஒத்திருந்தது. 1933இல் அவர் எழுதிய அறிக்கை ஒன்றில் நிரந்தரச் சேகரிப்பைக் காலத்தினூடே பாயும் டார்பிடோவாகக் கற்பனை செய்தார்: மூக்கு நிகழ்காலத்தில், வால் ஐம்பது, நூறு ஆண்டுப் பழமையில். இந்தக் கற்பனை பாரின் பெயரில் புகழ்பெற்றது. அதற்கு எரிபொருள் எங்கிருந்து வந்தது என்பது சீட்டின் கடைசி வரியில் சிறிய எழுத்தில் இருக்கிறது. பாரின் அறிவில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் மாற்றிக்கொள்ளலாம் என்ற அந்த வரி இல்லாமல் அவருடைய அறிவு தாளிலேயே இருந்திருக்கும்.

நியாயமான எதிர்ப்பு ஒன்று இருக்கிறது. விற்கலாம் என்று விட்டால் முட்டாள்தனமாக விற்றுவிட மாட்டார்களா? விற்றுவிடுவார்கள். 1947இல் மெட்ரோபாலிட்டனோடு போட்ட ஒப்பந்தப்படி "பழையதாகிவிட்ட" படங்களை நவீனக் கலை அருங்காட்சியகம் அங்கே தள்ளத் தொடங்கியது. பிளிஸ் கொடையில் இருந்த டோமியேவின் "சலவைக்காரி" இன்று மெட்ரோபாலிட்டனில்தான் இருக்கிறது. பிறகு மனம் மாறி 1953இல் ஒப்பந்தத்தை முறித்தார்கள். வான்கோவுக்காகக் கைமாறிய செசானின் "விக்டர் ஷோக்கே" உருவப்படத்தை நினைத்து ஏங்குபவர்கள் உண்டு. அது ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இழப்புதான். ஆனால் இரண்டும் பொதுமக்கள் பார்க்கும் சுவரில்தான் இருக்கின்றன, யாருடைய லாக்கரிலும் இல்லை.

எதிர்முனையைப் பாருங்கள். பாஸ்டனில் இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் என்ற இன்னொரு பெரும் சேகரிப்பாளர் 1903இல் தன் அருங்காட்சியகத்தைத் திறந்தார். எதையும் நகர்த்தக் கூடாது, வைத்தது வைத்தபடி இருக்க வேண்டும், மீறினால் எல்லாம் ஹார்வர்டுக்குப் போய்விடும் என்று உயில். 1990 மார்ச்சில் 13 படைப்புகள் திருடுபோயின. ரெம்பிராண்டின் கடற்புயல், வெர்மீரின் "கச்சேரி" எல்லாம் போயின. இன்றுவரை கிடைக்கவில்லை. காலிச் சட்டங்கள் அதே இடத்தில் தொங்குகின்றன. அழகான இடம், மறுக்கவில்லை. ஆனால் அங்கே வளர்வதற்கு எதுவுமில்லை.

இன்னொரு பாடம் கேத்தரின் ட்ரையர். 1920இலேயே தூஷானையும் மேன் ரேயையும் சேர்த்துக்கொண்டு நியூயார்க்கில் ஒரு கூடம் தொடங்கி, "நவீனக் கலை அருங்காட்சியகம்" என்று பெயரும் வைத்தவர். பிளிஸுக்கும் அபிக்கும் ஒன்பது ஆண்டு முந்தியவர். பார்வையில் அவர்களைவிடத் துணிச்சலானவர். மூலநிதி சேரவில்லை, கட்டடம் எழவில்லை, 1941இல் சேகரிப்பு யேல் பல்கலைக்கழகத்துக்குப் போனது. மேரி சல்லிவன் கதை இன்னும் சோகம். கணவர் இறந்தபின் கையிருப்பு கரைய, அறங்காவலர் பதவியை விட்டு, சேகரிப்பை ஏலத்துக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. துணிச்சல் எல்லோரிடமும் இருந்தது. தாள் வேலையைச் சரியாக முடித்தவர் பிளிஸ்.

தன்னைப் பற்றிய தாள்களை மட்டும் அவர் விட்டுவைக்கவில்லை. சொந்தக் காகிதங்களை அழித்துவிடச் சொல்லிவிட்டார். அதனால்தான் அவரைப் பற்றி எழுதுபவர்களுக்குக் கடிதங்களைவிடப் பதிவெண்கள் அதிகம் கிடைக்கின்றன. அந்த அருங்காட்சியகமே அவருக்கென்று ஒரு முழுக் கண்காட்சியைப் பின்னாளில் நடத்தியது 2024இல்தான்.

இனி நம் வீட்டுக்கு வருவோம்.

தேசிய நவீனக் கலைக்கூடம் 1954இல் தில்லியில் வந்தது. மும்பையில் 1996, பெங்களூரில் 2009. சென்னையில் இல்லை. எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிகளுக்கு ஈடு உலகில் எங்கும் இல்லை, அதை வைத்துக்கொண்டு நவீனக் கலையைப் பற்றி நாம் பேசாமல் இருந்துவிட முடியாது. சென்னையை அடுத்த சோழமண்டலம் கலைக் கிராமத்தில் ஓவியர்கள் 1966இல் தாங்களே நிலம் வாங்கிக் குடியேறி, பின்னாளில் தங்கள் இயக்கத்துக்கென ஒரு காட்சியகமும் வைத்துக்கொண்டார்கள். ஓவியர்கள் செய்ய வேண்டியதற்கு மேலேயே செய்துவிட்டார்கள். வடக்கே கிரண் நாடார் 2010இல் நொய்டாவில் தன் சேகரிப்பை அருங்காட்சியகமாகத் திறந்தார். நம் பக்கத்துக் குடும்பத்தின் மருமகள். கூடம் மட்டும் தில்லிப் பக்கம். தனியார் சேகரிப்பு பொதுவுக்கு வருவது இந்தியாவில் நடக்காத காரியம் என்று இனி யாரும் சொல்ல முடியாது.

சட்டம் காப்பாற்றும் என்று நினைக்காதீர்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டத்தின்கீழ் படைப்புகளை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது என்று அறிவிக்கப்பட்ட ஓவியர்கள் ஒன்பது பேர். ரவி வர்மா, அம்ரிதா ஷெர்கில், ஜாமினி ராய், தாகூர்கள் மூவர், நந்தலால் போஸ் என்று போகும் பட்டியல். அதில் பணிக்கர் இல்லை, தனபால் இல்லை, சந்தானராஜ் இல்லை. மதராஸ் இயக்கத்தவர் எவருமே இல்லை. உங்கள் பேரன் நாளை லண்டன் ஏலத்துக்கு அனுப்பினால் தடுக்க ஆளில்லை. தடுக்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. அனுப்பும் முன் அவனுக்கு இன்னொரு வழி எழுதப்பட்டிருக்க வேண்டும் என்கிறேன்.

"எந்த அருங்காட்சியகத்தை நம்பிக் கொடுப்பது? கிடங்கில் போட்டுப் பூசணம் பிடிக்கவிடுவார்கள்" என்று நீங்கள் சொல்வது எனக்குக் கேட்கிறது. கேட்டுக் கேட்டுச் சலித்த பதில் அது, ஆனால் பொய்யான பதில் அல்ல. நம் கடலோர ஈரத்தில் தாளும் துணியும் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதற்குத்தான் பிளிஸின் முதல் நிபந்தனை. நம்பிக் கொடுக்காதீர்கள், நிரூபித்தால் கொடுங்கள். பெறுகிற நிறுவனம், அரசோ அறக்கட்டளையோ பல்கலைக்கழகமோ, இத்தனை ஆண்டுக்குள் இவ்வளவு மூலநிதி சேர்த்து, ஈரப்பதம் காக்கும் அறை அமைத்து, பழுது பார்க்கத் தெரிந்த ஒருவரை வேலைக்கு வைத்திருந்தால் படங்கள் அதற்கு, இல்லையென்றால் வாரிசுகளுக்கு. இப்படி ஒரு கெடு இருந்தால்தான் அரசாங்கக் கோப்பு நகரும். இன்று கொடுப்பதாகச் சொல்லிச் சால்வை வாங்கிக்கொண்டால் கோப்பு நகராது.

கூடவே ஒரு சிறு தொகையும் எழுதுங்கள். ஐந்து படங்கள் கொடுப்பவர் ஆறாவதை விற்று அந்த ஐந்தின் பராமரிப்புக்கு வைக்கலாம். உங்கள் கணக்கர் பல்லைக் கடிப்பார், பரவாயில்லை.

தனி அறை கேட்காதீர்கள். கேட்டீர்களென்றால், ஆயிரம் வீடுகளில் இருந்து ஆயிரம் தனி அறைகள் வரும். எந்த அருங்காட்சியகமும் அதைத் தாங்காது. உங்களிடம் ஒரே ஓவியரின் பன்னிரண்டு படங்கள் இருந்து, அருங்காட்சியகத்தில் ஓவியர் முனுசாமியின் படம் ஒன்றுகூட இல்லையென்றால், பன்னிரண்டில் இரண்டை மாற்றி முனுசாமியை வாங்க இடம் கொடுங்கள். விற்ற பணம் படைப்பு வாங்க மட்டுமே செலவாக வேண்டும், சம்பளத்துக்கும் கூரை பூசவும் போகக் கூடாது என்று கண்டிப்பாக எழுதுங்கள். விற்பதற்கு முன் மற்றப் பொது அருங்காட்சியகங்களைக் கேட்க வேண்டும் என்றும் ஒரு வரி சேருங்கள். எதை விற்கவே கூடாது என்று தோன்றுகிறதோ அந்த இரண்டு மூன்றுக்குப் பெயர் சொல்லி விலக்கு அளியுங்கள். பிளிஸும் அதைச் செய்தார்.

உயிலுக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது, இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கலாம். படங்களைச் சுவரிலிருந்து இறக்கி, பின்பக்கம் பாருங்கள். பல சட்டங்களின் முதுகில் ஒன்றுமே எழுதியிருக்காது. ஓவியர் பெயர், ஆண்டு, எப்போது, யாரிடம், என்ன விலைக்கு வாங்கியது, எந்தக் கண்காட்சிக்குப் போனது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ரசீது இருந்தால் ஒட்டுங்கள். ஓவியர் கையால் எழுதிய கடிதம், கல்யாண வாழ்த்து, கடன் கேட்ட சீட்டு எதுவானாலும் எறியாதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் பிளிஸைப் பின்பற்ற வேண்டாம்.

நோட்டு முடிந்ததும் அதன் ஒரு படியை வழக்கறிஞரிடம் கொடுத்து, "ஏனைய அசையும் பொருட்கள்" என்ற வரிக்குமேல் ஒரு பத்தி சேர்க்கச் சொல்லுங்கள். பெறத் தகுதியுள்ள நிறுவனம் இன்று இல்லையே என்று அவர் கேட்பார். பிளிஸ் எழுதியபோது அவருடைய நிறுவனம் வாடகைக் கட்டடத்தில், எட்டு அச்சுப் படங்களில் தொடங்கி, இரண்டு வயதுகூட நிரம்பாமல் இருந்தது என்று அவரிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுச் சுவர்களை ஏக்கத்தோடு பார்க்கும் வாசகர்களில் ஒருவர்